புதுப்பிப்பு: வாதத்தைப் பலவீனப்படுத்தும் கேள்விகள்

மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட்டில் (GMAT) 'இந்த வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது?' என்ற கேள்விகளில் திரும்பத் திரும்பப் பிழைவிடுகிறேன் என்று போன மாதம் எழுதியிருந்தேன். 'முதலில் முடிவு எதுவென்று பிடி தம்பி' என்று ஒரு அக்கா சொன்னார். அதுதான் கைகொடுத்தது.

நான் தரப்பட்ட தகவலோடேயே சண்டை பிடித்திருக்கிறேன். தகவலை ஏற்றுக்கொண்டு, அதிலிருந்து முடிவுக்குத் தாவும் இடத்தில்தான் கை வைக்க வேண்டும். நானே ஒன்று எழுதிப் பார்த்தேன்: திருகோணமலைக் கடற்கரையான நிலாவெளியில் ஒரு விடுதி ஏப்ரலில் வாடகையைக் குறைத்தது, ஜூனில் அறைகள் நிரம்பின, ஆகவே வாடகைக் குறைப்புத்தான் காரணம். திருகோணமலைக்காரருக்கு விடை உடனே தெரியும். மே முதல் செப்டெம்பர் வரை இங்கே கடல் அமைதி, சுற்றுலா சீசன். வாடகை குறைக்காத விடுதிகளும் அப்போது நிரம்பினவென்றால் வாதம் ஆட்டம் காணும். முற்றாக உடைய வேண்டியதில்லை, சந்தேகம் வந்தாலே போதும். 'இலாபம் கூடவில்லை' என்ற தெரிவு ஆளை இழுக்கும், ஆனால் முடிவு இலாபத்தைப் பற்றியதே அல்ல. நான் அதிகம் விழுந்தது இதில்தான்.

நேரம் இன்னும் இடிக்கிறது: மொழிப் பகுதியில் 45 நிமிடத்துக்கு 23 கேள்விகள். சரி, அதற்கும் பழகுகிறேன். அக்காவுக்கு மனமார்ந்த நன்றி.