பழைய கார் பார்க்கும்போது: ஆயில் மூடிக்கு அடியில் வெள்ளைப் பசை

குளிர்நாட்டுக்கு வந்து இரண்டு மாதமான தம்பி ஒருவர் கேட்கிறார்: பார்க்கப் போன காரில் எஞ்சின் ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் நுரைத்த பால் போல வெள்ளைப் பசை. 'குளிரில் இது சகஜம்' என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

விற்பவர் பொய் சொல்கிறார் என்று சொல்ல முடியாது. தினமும் ஐந்து நிமிடம் மட்டும் ஓடும் காரில் எஞ்சின் முழுதாகச் சூடாவதில்லை. உள்ளே படியும் நீராவி ஆயிலோடு சேர்ந்து மூடியடியில் இப்படித் திரளும். நாற்பது நிமிடம் நல்ல வேகத்தில் ஓட்டினால் பெரும்பாலும் குறைந்துவிடும். அதனால் மூடியை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அதிலும் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தாலோ, அளவு குறியைத் தாண்டி ஏறியிருந்தாலோ நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஆனால் டிப்ஸ்டிக் சுத்தமாக இருந்தால் போதும் என்று நினைத்துத்தான் நான் ஏமாந்தேன். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் தொட்டியைத் திறந்து பார்க்கவே தோன்றவில்லை. வாங்கிய மூன்றாம் வாரம் அதில் சாக்லேட் நிறத்தில் குழம்பு மிதந்தது.

காரணம் எளிது. எஞ்சின் ஓடும்போது ஆயில் 2 முதல் 4 பார் அழுத்தத்தில் பாய்கிறது. கூலண்டின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார்தான். இரண்டுக்கும் நடுவே விரிசல் விழுந்தால் ஆயில்தான் கூலண்டுக்குள் தள்ளப்படும். எஞ்சினை அணைத்தபின் ஆயில் அழுத்தம் இறங்கிவிடும், கூலண்ட் அழுத்தம் சற்று நேரம் நிற்கும். அப்போது ஓட்டம் திரும்பலாம். ஆகவே இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

எல்லோரும் உடனே ஹெட் கேஸ்கெட் என்பார்கள், அதாவது எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு. என் காரில் போயிருந்தது கூலண்டால் ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலர். அந்த வேலை ஹெட்டைக் கழற்றுவதில் பாதிகூட இல்லை. தானியங்கி கியர் வண்டியில் கூலண்ட் இளஞ்சிவப்பாகக் குழம்பியிருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் குளிர்விப்பானைச் சந்தேகியுங்கள். அந்த வண்டியை வாங்கவே வேண்டாம், கியர்பெட்டிக்குள்ளும் தண்ணீர் போயிருக்கும். ஒத்துப்போகாத இரண்டு வகைக் கூலண்டைக் கலந்தாலும் சேறு போலாகும். ஆனால் அதில் விரலுக்கு எண்ணெய்ப் பிசுக்கு தெரியாது.

பார்க்கப் போகும் முன் 'எஞ்சினை ஓட்டி வைக்காதீர்கள்' என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள்; சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். கூலண்ட் மூடியைக் குளிர்ந்த நிலையில் மட்டுமே திறக்க வேண்டும், சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். தொட்டியின் உட்சுவரில் பழுப்புக் கறை, ஊறி மென்மையான ரப்பர் குழாய் இவை பழைய கதையைச் சொல்லும். எனக்கு அதிகச் சந்தேகம் தருவது, ஆயிலும் கூலண்டும் நேற்றுத்தான் மாற்றியது போலப் பளபளக்கும் கார்.

இன்னும் ஆசை விடவில்லை என்றால் மெக்கானிக்கிடம் கூலண்டில் எஞ்சினுக்குள் எரிந்த புகை கலந்திருக்கிறதா என்று சோதனைத் திரவம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் காரில் அந்த நீலத் திரவம் மஞ்சளானால் ஹெட் கேஸ்கெட்டோ ஹெட்டோ போயிருக்கிறது. மாறாவிட்டால் நிரபராதி என்று பொருளல்ல; என் காரிலும் மாறவில்லை.

*

'அண்ணா, நான் போன வாரமே வாங்கிவிட்டேன். டிப்ஸ்டிக்கில் பால் நிறம். வேலைக்கு மட்டும் ஓட்டலாமா?'

ஓட்டாதீர்கள். கூலண்ட் கலந்த ஆயில் வழுக்காது, பேரிங் தேய்ந்துவிடும். அதன்பின் கேஸ்கெட் மாற்றியும் பயனில்லை. இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். 'முதலில் கூலண்ட் ஓடும் பாதையைக் கழுவிப் பார்ப்போம்' என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்து அடைத்தபின்தான் கழுவ வேண்டும், ஒருமுறை கழுவினால் எண்ணெய் முழுதும் போகாது. வடித்த கூலண்டைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கிச் செத்துப்போகும்.