10 ஹெக்டோபாஸ்கலில் ஓசோன்சோண்டு 9 சதவீதம் கூடுதலாகக் காட்டுகிறது: உதவி தேவை

வளிமாணவி:
வணக்கம். பலூனில் சென்று உயரவாரியாக ஓசோனை அளக்கும் ஓசோன்சோண்டின் அளவீடுகளை, ஆரா செயற்கைக்கோளில் இருந்து ஓசோனை அளக்கும் எம்எல்எஸ் (மைக்ரோவேவ் உணர்கருவி) அளவீடுகளோடு ஒப்பிட்டு வருகிறேன். கீழிருந்து 30 ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்த மட்டம் வரை (மேலே போகப் போக அழுத்தம் குறையும்) இரண்டும் 2 சதவீதத்துக்குள் ஒத்துப்போகின்றன. 20-ல் வேறுபாடு 3 சதவீதமாகிறது. 10-ல் சோண்டு 9 சதவீதம் கூடுதலாகக் காட்டுகிறது. திங்கட்கிழமை வழிகாட்டியிடம் வரைபடத்தைக் காட்டியாக வேண்டும். தவறு எங்கே இருக்கும்?

பலூன்கூடம்:
எந்த வகைச் சோண்டு, எந்த அட்சரேகை, எத்தனை பறப்புகள், சோண்டுக்குள் ஓசோன் வினைபுரியும் கரைசலின் செறிவு எவ்வளவு என்று எதையுமே நீங்கள் சொல்லவில்லை. எனக்குக் கரைசல் மீதுதான் சந்தேகம். பொட்டாசியம் அயோடைடு 1 சதவீதமா, 0.5 சதவீதமா என்பதைப் பொறுத்து ஒரே சோண்டு சில சதவீதம் ஏறியோ இறங்கியோ காட்டும். அந்தக் கரைசலுக்குள் காற்றைச் செலுத்தும் பம்பின் ஓட்டத்தையும் சரிபாருங்கள். கண்ணாடிக் குழாயில் சோப்புப் படலம் 100 மில்லிலிட்டர் கோட்டைக் கடக்க 28 நொடி அளவில் ஆக வேண்டும். அந்த நேரத்தில் ஒரு நொடி பிசகினாலும் முழுப் பறப்பும் 3 சதவீதத்துக்கு மேல் பிசகிவிடும்.

நெடுங்கணக்கு:
தங்கையே, இந்தக் கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது. பழைய இழைகளைப் படித்திருந்தால் கேட்டிருக்க மாட்டீர்கள். எம்எல்எஸ்ஸின் செங்குத்துப் பிரிதிறன் அடுக்குமண்டலத்தில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். சோண்டோ நூறு மீட்டர் அளவிலான படலங்களையும் காட்டிவிடும். சோண்டின் வரைகோட்டை (உயரவாரியான ஓசோன் அளவை) எம்எல்எஸ்ஸின் சராசரியாக்கும் சார்பால், அதாவது அதே பிரிதிறனுக்கு, மென்மைப்படுத்தாமல் ஒப்பிடுவது அடிப்படைப் பிழை. இரு கருவிகளின் மட்டங்களையும் பொருத்த அழுத்தத்தின் மடக்கையில் (லாகரிதம்) இடைச்செருகல் செய்தீர்களா என்பதையும் சொல்லுங்கள்.

வளிமாணவி:
மன்னிக்கவும், எல்லோருக்கும் தெரிந்த விவரங்கள் என்று நினைத்து விட்டுவிட்டேன். மின்வேதிக் கலன் வகைச் சோண்டு, நிலநடுக்கோட்டுக்கு அருகே உள்ள நிலையம், 40 பறப்புகள், எல்லாவற்றிலும் ஒரே கரைசல். மென்மைப்படுத்தலும் மடக்கை இடைச்செருகலும் செய்திருக்கிறேன்.

டாப்சன்தோழர்:
தரையில் டாப்சன் நிறமாலைமானி இருந்தால் அது காட்டும் மொத்த ஓசோன் அளவுக்குப் பொருந்தும்படி சோண்டின் வரைகோட்டைப் பெருக்கிச் சரிசெய்துவிடுங்கள். நாங்கள் பல ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறோம்.

பலூன்கூடம்:
இதை நான் ஏற்கவில்லை. பலூன் வெடித்த உயரத்துக்கு மேலே உள்ள ஓசோனை நாம் அளப்பதில்லை, ஏதோ ஒரு சராசரி அட்டவணையிலிருந்து கடன் வாங்குகிறோம். அந்தக் கடனில் உள்ள பிழையையும் சேர்த்து ஒரே எண்ணால் முழு வரைகோட்டையும் பெருக்கினால், 30 ஹெக்டோபாஸ்கல் மட்டத்துக்குக் கீழே இப்போது சரியாக இருக்கும் பகுதியும் கெட்டுப்போகும்.

டாப்சன்தோழர்:
பழைய புரூவர்-மாஸ்ட் வகைச் சோண்டுகளை இந்தத் திருத்தம் இல்லாமல் பயன்படுத்தவே முடியாது. அரை நூற்றாண்டுத் தரவைக் குப்பையில் போடச் சொல்கிறீர்களா?

பலூன்கூடம்:
அவர் வைத்திருப்பது புரூவர்-மாஸ்ட் அல்ல. பெருக்கு எண்ணைத் தரச் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள், தரவில் ஏற்றாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

மேல்காற்று:
கேள்விக்குத் திரும்புவோம். பிழை உயரத்தோடு வளர்வதால் கரைசலைவிட அழுத்த உணரியைத்தான் முதலில் சந்தேகிப்பேன். சோண்டு நேரடியாகத் தருவது ஓசோனின் பகுதியழுத்தத்தை. அதைக் காற்றழுத்தத்தால் வகுத்துத்தான் கலப்பு விகிதம், அதாவது காற்றில் ஓசோனின் பங்கு, பெறுகிறோம். உணரி 1 ஹெக்டோபாஸ்கல் குறைத்துக் காட்டினால் 100-ல் அது வெறும் 1 சதவீதப் பிழை, 10-ல் 10 சதவீதம். 20, 30 மட்டங்களில் கலப்பு விகிதம் உயரத்தோடு விரைந்து ஏறுவதால், மட்டம் இடம்மாறிய பிழையும் வகுத்தல் பிழையும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. வெப்பமண்டலத்தில் கலப்பு விகிதத்தின் உச்சமே 10 ஹெக்டோபாஸ்கலை ஒட்டித்தான் இருக்கிறது. உச்சத்தில் சரிவு இல்லை என்பதால் ஈடுகட்ட எதுவும் இல்லாமல் முழுப் பிழையும் வெளியே தெரிகிறது. உங்கள் எண்கள் இதோடு அப்படியே பொருந்துகின்றன. சோண்டோடு சென்று அழுத்தம், வெப்பநிலை போன்றவற்றைத் தரும் ரேடியோசோண்டு எந்த வகை? ஜிபிஎஸ் உயரம் பதிவாகியிருக்கிறதா? அங்கே 1 ஹெக்டோபாஸ்கல் என்பது ஏறத்தாழ 650 மீட்டர். ஜிபிஎஸ்ஸுக்கு அது மறையாது.

நெடுங்கணக்கு:
காற்று மெலியும்போது பம்பின் திறன் குறைவதை ஈடுகட்ட எந்தத் திருத்த அட்டவணையைப் பயன்படுத்தினார் என்பதையும் கேட்க வேண்டும். அதுவும் உயரத்தோடு வளரும் திருத்தம்தான். ஆனாலும் உணரியை முதலில் பார்ப்பது சரி என்று ஒப்புக்கொள்கிறேன்.

வளிமாணவி:
பார்த்துவிட்டேன். முதல் 26 பறப்புகளில் அழுத்த உணரி கொண்ட பழைய ரேடியோசோண்டு, மீதி 14-இல் ஜிபிஎஸ் வகை. இதைச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. கூடுதல் முழுவதும் அந்த 26-இல்தான் இருக்கிறது. அவற்றில் 11-இல் ஜிபிஎஸ் உயரமும் பதிவாகியிருந்தது. தரை அழுத்தத்தில் தொடங்கி வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் கொண்டு அழுத்தத்தை மீண்டும் கணித்தேன். 10-ல் வேறுபாடு 3 சதவீதமாக இறங்கிவிட்டது. மீதி 15-ஐ இந்த மட்டத்திலும் அதற்கு மேலும் வரைபடத்தில் சேர்க்கப்போவதில்லை. மேல்காற்று அவர்களுக்கு மிகவும் நன்றி.