நேர்மாறு சார்பா, மீட்புச் சார்பா?

குழுவினர் எல்லோருக்கும் வணக்கம். ஒரு சார்பு (function) செய்ததைப் பின்னோக்கி அவிழ்த்து, கொடுத்ததையே திரும்பத் தரும் சார்பு inverse function. நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு மீட்புச் சார்பு என்ற சொல்லை வைக்கலாம் என்பது என் கருத்து. அதையொட்டி எழும் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> நேர்மாறு சார்பு என்று பாடநூலிலேயே இருக்கிறதே, புதிதாக ஒன்று எதற்கு?

11ஆம் வகுப்புக்கு இந்தப் பாடம் நடத்தும்போதெல்லாம் நான் இந்தச் சொல்லோடுதான் மல்லுக்கட்டுகிறேன். 'அண்ணன் சாது, தம்பி நேர்மாறு' என்பது வீட்டில் புழங்கும் பேச்சு. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு நேர்மாறு என்றால் குணமே எதிராக இருக்க வேண்டும். ஏறிக்கொண்டே போகும் சார்புக்கு நேர்மாறு எப்படி இருக்கும் என்று கேட்டால், 'இறங்கும், சார்' என்கிறார்கள். அதுவும் ஏறத்தான் செய்யும். செல்சியஸ் கூடினால் பாரன்ஹீட் கூடுகிறது. பாரன்ஹீட் கூடினால் செல்சியஸும் கூடுகிறது. இதில் எது எதற்கு எதிர்?

போதாக்குறைக்கு, கீழ் வகுப்பில் நேர் மாறல், எதிர் மாறல் என்று படித்துவிட்டு வருகிறார்கள். அங்கே நேர் மாறல் என்றால் ஒன்று கூடும்போது மற்றதும் அதே விகிதத்தில் கூடுவது. இங்கே நேர்மாறு. காதில் விழும்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

> எதிர்ச்சார்பு, தலைகீழ்ச் சார்பு?

எதிர் என்றால் மாணவர் மனம் கழித்தல் குறிக்குப் போகும். தலைகீழ் இன்னும் ஆபத்து. தலைகீழி என்று பின்னத்தைக் கவிழ்த்துப் பழகிய கை, இங்கேயும் கவிழ்த்துவிடும். ஏற்கெனவே குறியீடே அந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. சைனுக்கு மேல் −1 போடும் வழக்கத்தை 1813இல் ஆங்கிலேய அறிஞர் ஜான் எர்ஷல் கொண்டுவந்தார். அது அடுக்கு இல்லை, செயலைப் பின்னோக்கி நடத்து என்பதற்கான குறி. ஆனால் அடுக்குகளைப் படித்துவிட்டு வந்தவர் அதை 'ஒன்றின் கீழ்' என்றுதான் வாசிப்பார். சைன் 30 பாகை அரை. எந்தக் கோணத்துக்கு சைன் அரை என்று கேட்டால் 30 என வர வேண்டிய இடத்தில், தலைகீழி எடுத்து 2 என்று எழுதிவைத்த விடைத்தாள்கள் எத்தனையோ திருத்தியிருக்கிறேன். குறியீட்டை நாம் மாற்ற முடியாது. சொல்லாவது அந்தத் தவற்றுக்குத் துணைபோகாமல் இருக்கலாம்.

> மீள்சார்பு?

கிட்டத்தட்ட வந்துவிட்டீர்கள். ஆனால் மீள் என்று முன்னால் வந்தால் 'மறுபடியும்' என்ற பொருள்தான் முந்திக்கொள்கிறது: மீள்பதிவு, மீள்பார்வை. இலங்கையில் ஒரே இலக்கம் திரும்பத் திரும்ப வரும் தசமத்தை மீளும் தசமம் என்கிறார்கள். மீள்வது வேறு, மீட்பது வேறு. இந்தச் சார்பு தானாகத் திரும்பி வரவில்லை. போன ஒன்றை மீட்டுக்கொண்டு வருகிறது. அதனால் என் பரிந்துரை மீட்புச் சார்பு.

இதை நான் வகுப்பில் அடகுக் கடையிலிருந்து தொடங்குகிறேன். நகையைக் கொடுத்தால் சீட்டு வருகிறது: இது சார்பு. சீட்டைக் கொடுத்தால் நகை வருகிறது: இது மீட்பு. இரண்டு நகைக்கு ஒரே எண்ணில் சீட்டு எழுதினால் என்ன ஆகும்? எதை எடுத்துக் கொடுப்பது என்று கடைக்காரருக்கே தெரியாது. ஒன்றுக்கு ஒன்றாக இருக்க வேண்டும் என்பது பிள்ளைகள் வாயிலிருந்தே வந்துவிடுகிறது. இன்னும் எழுதாத வெற்றுச் சீட்டைக் கிழித்துக்கொண்டு போய் நீட்டினால்? நகை இல்லை. அப்போ எல்லாச் சீட்டுக்கும் ஒரு நகை இருக்கும் மேல் சார்பாகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் இருபுறச் சார்பு, அதற்குத்தான் மீட்பு உண்டு. மனப்பாடம் செய்ய வைத்த வரையறை இப்படித் தானாக இறங்கியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சில வாரம் கழித்து சைன் வந்தபோது ஒரு மாணவி, '30க்கும் 150க்கும் ஒரே சீட்டா சார்?' என்று கேட்டாள். அவ்வளவுதான். −90 பாகையிலிருந்து +90 பாகை வரை ஏன் மதிப்பகத்தை, அதாவது உள்ளே கொடுக்கும் கோணங்களை, குறுக்குகிறோம், அந்த எல்லைக்குள் கிடைக்கும் ஒரே விடையான முதன்மை மதிப்பு எதற்கு என்று நான் தனியாக விளக்க வேண்டிய வேலையே இல்லாமல் போனது.

செய்முறையிலும் இந்தச் சொல் வழிகாட்டுகிறது. செல்சியஸை 9/5ஆல் பெருக்கி, 32 கூட்டினால் பாரன்ஹீட். மீட்க வேண்டுமென்றால் கடைசியாகச் செய்ததை முதலில் அவிழ்க்க வேண்டும். 104 டிகிரி காய்ச்சலில் 32 போனால் 72. 5/9ஆல் பெருக்கினால் 40. வரிசையை மாற்றாமல் முதலில் 5/9ஆல் பெருக்கிவிட்டு 32ஐக் கழித்தால் ஏறக்குறைய 25.8 வரும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு 25.8 டிகிரி செல்சியஸ் உடல் வெப்பமா என்று கேட்டால் போதும், பிழையை அவர்களே பிடித்துவிடுவார்கள்.

தேர்வில் நேர்மாறு சார்பு என்றுதான் வரும், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அதனால் பழைய சொல்லை எடுத்துவிடச் சொல்லவில்லை. பட்டியலில் மீட்புச் சார்பை முதலிலும், நேர்மாறு சார்பைப் பாடநூல் வழக்கு என்ற குறிப்போடு அடுத்தும் வைக்கலாம்.

ஒரே ஓர் இடத்தில் எனக்கே தடுமாற்றம் இருக்கிறது. எண்களை வரிசையும் நிரலுமாக அடுக்கிய அணிகளுக்கு (matrix) என்ன செய்வது? ஓர் அணியால் பெருக்கிக் குறியாக்கிய செய்தியை நேர்மாறு அணியால் பெருக்கினால் பழைய செய்தி கிடைக்கிறது, அதுவும் மீட்புதான். ஆனால் மீட்பு அணி என்று சொன்னால் வெள்ளத்தில் படகோடு வருகிறவர்கள்தான் கண்முன் நிற்பார்கள். அங்கே மட்டும் நேர்மாறு அணி என்றே விட்டுவிடலாமா, இரண்டுக்கும் பொருந்தும் வேறு சொல் யாரிடமாவது இருக்கிறதா? எழுதுங்கள்.