ஆரணிப் பக்கத்தில் ஒரு நயினார் வீட்டில் கண்ட கொல்லாமை

ஆரணி, போளூர், வந்தவாசி வட்டாரங்களில் உழவர்களுக்குக் கடன் விண்ணப்பம் தயாரித்துக் கொடுக்கும் வேலையில் இருந்த காலத்தில்தான் தமிழ்ச் சமணர்களை நெருங்கி அறிந்தேன். சமணர் என்றதும் வேலூர்க் கடைத்தெருவில் தொழில் நடத்தும் வடநாட்டுக் குடும்பங்களையே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் பழைய வட ஆர்க்காட்டின் ஊர்ப்புறங்களில் நயினார் என்ற பட்டத்துடன் வாழும் திகம்பரச் சமணர்களில் பெரும்பாலோர், தலைமுறை தலைமுறையாக நெல்லும் மல்லாட்டையும் (நிலக்கடலை) பயிரிட்டுவரும் குடும்பத்தினர். உயிர்க்கொலை கூடாதென்பவர் ஏர் ஓட்டுவது எப்படி என்ற கேள்வி எனக்குள் வெகுநாள் இருந்தது.

அதற்கு விடை தந்தவர், நான் கடன் விஷயமாகச் சந்திக்கப்போன ஒரு பெரியவர். அவருடைய நிலத்தில் கறிக்கோழிப் பண்ணை அமைத்தால் நல்ல வருமானம் வரும் என்று கணக்கெல்லாம் போட்டுக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, எங்கள் திருமலையில் நிற்பவர் யாரென்று தெரியுமா?” என்றார். போளூருக்கு அருகிலுள்ள திருமலையில் சுமார் 16 அடி உயரத்தில் பாறையில் செதுக்கப்பட்டிருக்கும் நேமிநாதரைத்தான் அவர் குறிப்பிட்டார். தம் திருமண விருந்துக்காக அடைத்துவைக்கப்பட்டிருந்த விலங்குகளின் ஓலத்தைக் கேட்டு, மணம் முடிக்காமலே துறவு பூண்ட தீர்த்தங்கரர் அவர்; தீர்த்தங்கரர் என்பது சமணர் வணங்கும் அருகர்களின் பெயர். அதன்பின் கோழிப்பண்ணைப் பேச்சை நான் எடுக்கவில்லை.

உழவைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்ன விளக்கம் நான் எதிர்பார்த்ததைவிட நுட்பமானது. கொல்லும் எண்ணத்தோடு செய்வது, சமைத்தல், பெருக்குதல் போன்ற வீட்டு வேலைகளில் நேர்வது, பிழைப்புக்கான தொழிலில் நேர்வது, தன்னையும் பிறரையும் காக்கும்போது நேர்வது என்று இம்சையைச் சமணம் நான்காகப் பிரிக்கிறது. அணுவிரதம் என்னும் சிறு நோன்புகளை ஏற்ற இல்லறத்தார் முதலாவதை அறவே விட வேண்டும். மற்ற மூன்றையும் இயன்றவரை குறைக்க வேண்டும். நான்கையும் முற்றாக விடுவது மகாவிரதம் என்னும் பெருநோன்புகளைப் பூண்ட துறவியரின் கடமை. அவர்கள் உட்காருமுன் மயிற்பீலியால் தரையை மெல்லப் பெருக்குவது அதற்காகத்தான்.

குறைப்பது என்றால் என்ன என்பதை அந்த வீட்டு நடைமுறையில் பார்த்தேன். கிணற்றுநீரை மடித்த துணியில் வடிகட்டிய பிறகு, துணியில் தங்கிய நுண்ணுயிர்கள் பிழைக்கட்டும் என்று அதை அலசிய நீரைக் கிணற்றிலேயே ஊற்றினார்கள். பொழுது சாய்வதற்குள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுவார்கள். விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகள் உணவில் விழக்கூடும் என்பது காரணம். தேன் அந்த வீட்டுக்குள் வருவதில்லை. அட்டமி, சதுர்த்தசி நாட்களில் கிழங்கு வகைகளும் இல்லை. பால் வற்றிய மாடுகளை விற்காமல் வைத்துத் தீனி போட்டார்கள். வரவு செலவு எழுதிப் பழகிய எனக்கு, இந்த ஒன்றே அவர்களுடைய நேர்மைக்குப் போதுமான சான்றாகப் பட்டது.

அவர் பயிருக்குப் பூச்சிமருந்து அடிக்கும் விஷயத்தில் மட்டும் எனக்கு நிறைவு ஏற்படவில்லை. குறிபார்த்துக் கொல்வதைத் தொழிலில் நேரும் இம்சை என்று எப்படிச் சொல்வது? கூலியாளை வைத்து அடித்தால் பாவம் அவனுக்கா என்றும் கேட்டேன். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினையாகும், மனத்தாலும் மொழியாலும் மெய்யாலும் அது வரும், ஆகவே கூலியாளைக் காட்டித் தப்ப முடியாது என்று அவர் சற்றும் மழுப்பாமல் சொன்னார். பூச்சிமருந்து அடிப்பது தமக்கும் உறுத்தலாகவே இருக்கிறது என்றும் ஒப்புக்கொண்டார். அடுத்த பருவத்தில் பாதி நிலத்துக்கு வேப்பங்கொட்டைக் கரைசலைத் தெளித்தார். அது பூச்சியை உடனே கொல்வதைவிடப் பயிரைத் தின்னவிடாமல் தடுப்பதே அதிகம். அந்தப் பாதியில் விளைச்சல் குறைந்தால் கடன் தவணை என்னாகும் என்று நான் கவலைப்பட்டேன். அவரோ முன்னெச்சரிக்கையாகத் தாம் கேட்ட கடன் தொகையையே குறைத்து எழுதச் சொல்லிவிட்டார்.