லிஸ்டில் உள்ள நம்பர்களின் முன்னால் இருக்கும் +91-ஐ வெட்டுவது எப்படி? (பைத்தான்)

நாஞ்சில்கோடர்: வாடிக்கையாளர்களின் மொபைல் நம்பர்கள் ஒரு லிஸ்டில் ஸ்ட்ரிங்காக இருக்கின்றன. சிலவற்றின் முன்னால் +91, சிலவற்றில் 0, மற்றதெல்லாம் வெறும் 10 இலக்கம். எல்லாவற்றுக்கும் எல்ஸ்ட்ரிப் (lstrip, முன்னால் உள்ள எழுத்துகளை வெட்டுவது) போட்டு உள்ளே '+91' கொடுத்தால், சில நம்பர்கள் 9 இலக்கம், 8 இலக்கமாகக் குறைந்து வருகின்றன. ஏன்?

பழையசோறு: எல்ஸ்ட்ரிப் அதை ஒரே துண்டாகப் பார்க்காது தம்பி. +, 9, 1 இந்த மூன்றில் எது முன்னால் நின்றாலும் வெட்டிக்கொண்டே போகும். 98-ல் தொடங்கும் நம்பரில் 9 போய்விடும். 919-ல் தொடங்கினால் மூன்று இலக்கமும் காலி. பேசாமல் [3:] என்று ஸ்லைஸ் போடுங்கள், முதல் மூன்று எழுத்தை விட்டு மீதி வரும்.

கீற்று: வெறும் 10 இலக்க நம்பரிலும் முதல் மூன்றை வெட்டிவிடுமே அண்ணே! ரிமூவ்பிரிஃபிக்ஸ் (removeprefix) போடுங்கள். '+91' அப்படியே முன்னால் இருந்தால் நீக்கும், இல்லாவிட்டால் தொடாது. பைத்தான் 3.9-ல் அது வந்ததே எல்ஸ்ட்ரிப்பால் பலர் குழம்பியதால்தான். அதற்கான பைத்தான் முன்மொழிவு ஆவணமான பெப் (PEP) 616-ல் இதைக் காரணமாகவே எழுதியிருக்கிறார்கள்.

பழையசோறு: எங்கள் சர்வரில் ஓடுவது 3.8. அங்கே அது கிடையாது.

கீற்று: அப்படியென்றால் +91-ல் தொடங்குகிறதா என்று ஸ்டார்ட்ஸ்வித் (startswith) வைத்துப் பார்த்துவிட்டு ஸ்லைஸ் செய்யுங்கள். ஒரு இஃப் கூடுதலாக எழுதினால் என்ன குறைந்துவிடும்?

பழையசோறு: +91-க்கு ஒரு இஃப், 0-க்கு ஒரு இஃப், நாளைக்கு 0091 வந்தால் இன்னொன்றா? இடைவெளி, சிறுகோடு (-) எல்லாவற்றையும் ரீப்ளேஸில் நீக்கிவிட்டு [-10:] போடு, கடைசி 10 இலக்கம் வந்துவிடும். முன்னால் என்ன இருந்தால் நமக்கென்ன?

சிங்கைவாசி: இந்தக் கடைசி 10 விஷயத்தில்தான் வம்பு. சிங்கப்பூர் நம்பர் +65, அதற்குப் பின் 8 இலக்கம். கடைசி 10-ஐ எடுத்தால் 65-ஓடு சேர்ந்து வரும். இந்திய மொபைலும் 6-ல் தொடங்கலாம் என்பதால் எந்தச் செக்கிலும் மாட்டாது, ஓடிபி யாரோ ஒருவருக்குப் போகும். துபாய் நம்பராவது 1-ல் தொடங்கும், பிடித்துவிடலாம்.

பழையசோறு: அவர் கேட்டது உள்ளூர் நம்பர், சிங்கப்பூர் எங்கிருந்து வந்தது?

நாஞ்சில்கோடர்: எங்கள் லிஸ்டில் சிங்கப்பூர்க்காரர்களும் இருக்கிறார்கள் அண்ணே. 😅

கீற்று: அப்படியானால் வெட்டவே கூடாது. வெறும் 10 இலக்கமாக உள்ள நம்பர்களுக்கு முன்னால் +91-ஐச் சேர்த்து, எல்லாவற்றையும் நாட்டுக் குறியீட்டோடு சேமியுங்கள். திரையில் காட்டும்போது மட்டும் நீக்கினால் போதும்.

பழையசோறு: கடைப் பட்டியலுக்கு இவ்வளவு ஜோடனையா! + இல்லாததற்கு மட்டும் கடைசி 10 எடுக்கட்டும், அது போதும்.

நாஞ்சில்கோடர்: சரி, முன்னால் 0 இருப்பதற்கு எல்ஸ்ட்ரிப் போடலாமா?

கீற்று: தாராளமாக. இந்திய மொபைல் நம்பர் 0-வில் தொடங்காது, ஒரே எழுத்து என்பதால் குழப்பமும் இல்லை. ஆனால் 0091 என்று வந்தால் 91 மிஞ்சும். அதை வெட்டுமுன் மொத்தம் 12 இலக்கமா என்று பாருங்கள், 91-ல் தொடங்கும் 10 இலக்க நம்பர்களும் உண்டு.