காரைக்குடி மெஸ்ஸில் குடல் எரிச்சல் நோய் (ஐபிஎஸ், IBS) உள்ளவர் எதைச் சாப்பிடலாம்?

தேவகோட்டைக்காரி:
எனக்குக் குடல் எரிச்சல் நோய், ஐபிஎஸ். அடுத்த வாரம் நாத்தனார் குடும்பத்தோடு காரைக்குடி மெஸ்ஸுக்குப் போகிறோம். காரம் குறைத்துக் கேட்டாலும், சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிசைகிறது. கை கழுவினதும் கழிவறை எங்கே என்றுதான் தேடுகிறேன். இலையில் எதைத் தொடலாம்?

கானாடுகாத்தான் தம்பி:
அக்கா, எனக்கும் இதே பாடுதான். மிளகாயை மட்டும் பார்க்காதீர்கள். சின்ன வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள ஃப்ரக்டான் என்ற செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலில் நொதித்து வாயு கட்டும். அது தண்ணீரில் கரைவது. அதனால் குழம்பில் பூண்டுப் பல்லை ஒதுக்கிவைத்துப் பயனில்லை, சாறு முழுக்க இறங்கியிருக்கும். ரசமும் அப்படித்தான். நான் வெறும் சோறு, வெங்காயம் போடாத ஆம்லெட், மிளகு உப்பு மட்டும் தடவிப் பொரித்த மீன் என்று முடித்துக்கொள்வேன். மீன் மசாலாவில் பூண்டு விழுது உண்டா என்று சமையல்காரரிடமே கேளுங்கள். சப்ளையர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்.

பள்ளத்தூர் ஆச்சி:
காலை என்றால் இடியாப்பமும் சீனியும் போதும் ஆத்தா, குருமா வேண்டாம். வெள்ளைப் பணியாரம் எண்ணெயில் பொரிப்பது, ஒன்றோடு நிறுத்து.

தேவகோட்டைக்காரி:
நன்றி ஆச்சி, நன்றி தம்பி. நாத்தனாரிடம் இன்றைக்கே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் இலையைப் பார்த்து வருத்தப்பட மாட்டார்.