விஸ்கான்சின் ஓநாய்கள்: சுட்டால் கன்றுகள் பிழைக்குமா?

மேகலா:
அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தின் வடபகுதியில் குடியிருக்கிறோம். போன வாரம் பக்கத்துப் பண்ணைக்காரரின் கன்று ஒன்றை ஓநாய்கள் அடித்துவிட்டன. மனிதர் உடைந்துபோயிருக்கிறார். வேட்டைக்கு அனுமதி கொடுத்தால்தான் தீரும் என்கிறார். மகளுடன் படிக்கும், ஒஜிப்வே என்ற பூர்வகுடியைச் சேர்ந்த பெண்ணோ, ஓநாய் தங்களுக்குச் சகோதரன் என்கிறாளாம். ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன?

செல்வம்:
மேகலா, காட்டுயிர் படித்துவிட்டு, பக்கத்து மாநிலமான மிச்சிகனில் களவேலை பார்த்தவன் நான். இந்த விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

2021 பிப்ரவரியில் உங்கள் மாநிலத்தில் வேட்டை நடந்தது. மொத்தம் 200 ஓநாய்களைக் கொல்ல அனுமதி. அதில் 81 ஒஜிப்வே மக்களின் பங்கு. அவர்கள் ஓநாயைக் காக்க நினைப்பவர்கள், சுடவில்லை. மற்ற வேட்டைக்காரர்களுக்கு 119. மூன்றே நாளில் 218 ஓநாய்கள் செத்தன. அதுவும் இனப்பெருக்கக் காலத்தில், நாய்களை விட்டுத் துரத்தி. இதை மேலாண்மை என்று என்னால் சொல்ல முடியாது. அடுத்த ஆண்டே நீதிமன்றத் தீர்ப்பால் ஓநாய்க்கு மத்திய அரசின் பாதுகாப்பு திரும்பியது.

சுட்டால் இழப்பு குறையுமா? மிச்சிகன் பண்ணைகளை வைத்து 2018இல் வந்த ஆய்வைப் பாருங்கள். ஓநாயைக் கொன்ற பண்ணைக்கு ஓரளவு நிம்மதி கிடைத்திருக்கலாம். ஆனால் அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் தாக்குதல் கூடியிருக்கிறது. தொல்லை இடம் மாறியது, அவ்வளவுதான்.

இன்னொன்று. விஸ்கான்சினில் ஓநாய் வந்து சேர்ந்த மாவட்டங்களில் மான்மீது வண்டி மோதும் விபத்து சுமார் 24 சதவீதம் குறைந்ததாக 2021இல் ஓர் ஆய்வு வந்தது. ஓநாய்கள் சாலையோரமாகவே நடமாடும், மான்கள் அந்தப் பக்கம் போக அஞ்சும். இதில் மிச்சமாகும் பணம், ஓநாயால் வரும் கால்நடை இழப்பைப் போல 63 மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ராஜாமணி:
தம்பி, 63 மடங்கு மிச்சம் யாருக்கு? கார் ஓட்டுகிறவனுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும். கன்று போனது ஒருத்தருக்கு. நானும் மாடு வளர்த்தவன். ஈன்ற பசு ராத்திரி முழுக்கக் கன்றைத் தேடிக் கத்துவதைக் கேட்டவரிடம் சராசரிக் கணக்கைச் சொல்லாதீர்கள்.

செல்வம்:
சரிதான் ஐயா. லாபம் ஊருக்கு, நட்டம் ஒரு வீட்டுக்கு என்பதுதான் இதில் பெரிய அநியாயம். அதனால்தான் இழப்பீடு தாராளமாக, சீக்கிரமாகக் கிடைக்க வேண்டும் என்கிறேன். சட்டப்படி சுட அனுமதித்தால் மக்களின் கோபம் தணியும், திருட்டு வேட்டை குறையும் என்று ஒரு வாதம் உண்டு. 2016இல் விஸ்கான்சின், மிச்சிகன் தரவுகளை அலசியவர்கள் அதற்கு நேர்மாறாக, திருட்டு வேட்டை கூடியிருக்கலாம் என்றார்கள். அதை மறுத்தும் கட்டுரைகள் வந்தன. முடியாத வழக்கு அது.

மேகலா:
பக்கத்துப் பண்ணைக்காரருக்கு இப்போது உதவுகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள் அண்ணா.

செல்வம்:
மத்திய வேளாண்துறையின் வனவிலங்குப் பிரிவுக்கு உடனே போன் செய்யச் சொல்லுங்கள். அவர்கள் நேரில் பார்த்து உறுதிசெய்தால்தான் இழப்பீடு. இனி ஏதாவது நடந்தால் உடலை நகர்த்தாமல் தார்ப்பாய் போட்டு மூடட்டும்; காலடித் தடத்தை மிதிக்க வேண்டாம். கன்று போடும் பசுக்களை வீட்டுக்கு அருகில் கட்டி, சுற்றிலும் சிவப்புத் துணிக்கொடிகள் தொங்கும் கயிறு கட்டலாம். சில வாரங்களில் ஓநாய்க்கு அது பழகிவிடும். ஆகவே கன்று போடும் சமயத்தில் மட்டும் கட்டி, அப்புறம் அவிழ்த்துவிடட்டும்.